மிக்-21 சொல்வழி கேட்காவிட்டால்

அக்கரைப்பற்றில் இருக்கிற சித்தியின் மகன் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கொம்பியூட்டர் பறப்பு விளையாட்டுக்கு மிக்-21பிஸ் போர் விமானம் வாங்கிய நாள் முதல் என் ஃபோனுக்கு ஓய்வில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்துவிடும். "அண்ணன், பிளேன் பழுது." நான் கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். பழுது என்று யார் வந்தாலும் "கடைசியா என்ன செஞ்சாய்?" என்றுதான் முதலில் கேட்பேன். அவனுடைய செய்திகளை அடுக்கிப் பார்த்தால் விமானத்தில் ஒரு பழுதும் இல்லை. ஒரேயொரு தடவை ஜொய்ஸ்டிக்கில் இருந்தது. மிச்சமெல்லாம் அதே விளையாட்டில் அமெரிக்க எஃப்-16 ஓட்டிப் பழகிய கையால் மிக்-21ஐப் பிடித்ததால் வந்த வினை.

எஃப்-16இல் உங்கள் கையசைவைக் கொம்பியூட்டர் வாங்கி, யோசித்து, சரிக்கட்டித்தான் இறக்கைக்குக் கொடுக்கும். மிக்-21 சேவைக்கு வந்தது 1959இல். எல்லா வகைகளையும் சேர்த்து 11,000க்கு மேல் கட்டினார்கள். நாங்கள் ஓட்டும் பிஸ், 1970களில் வந்த கடைசி வடிவம். அதிலும் நடுவில் நின்று உங்களைத் திருத்த ஆளில்லை. பிழையாகக் கேட்டால் பிழையாகவே செய்து தரும்.

கீழே உள்ளதை வரிசையாக வாசிக்க வேண்டாம். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள். வேகம் மணிக்குக் கிலோமீற்றரில், உயரம் மீற்றரில். அமெரிக்க விமானங்களில் நொட்டையும் அடியையும் மாற்றிக் கணக்குப் பார்த்துக் களைத்தவர்களுக்கு இது மோட்டார் சைக்கிள் மானி பார்க்கிற மாதிரி லேசு. ரஷ்ய எழுத்து மலைப்பாக இருந்தால் அமைப்புகளில் இந்த விமானத்துக்குரிய பக்கத்தில் ஆங்கில கொக்பிட்டைப் போட்டுக்கொள்ளலாம், வெட்கம் ஒன்றுமில்லை.

"நான் தொடவேயில்ல, ஒரு பக்கம் சரியுது"

விளையாட்டை அழித்து மறுபடி இன்ஸ்டோல் பண்ண முதல் இதைப் பாருங்கள். செருகியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் டிசிஎஸ் தானாகவே அச்சுகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். ஜொய்ஸ்டிக்கும் மூக்கை ஏற்றி இறக்கும், மேசை மூலையில் கிடக்கும் கேம்பாட்டும் ஏற்றி இறக்கும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் கயிறு பிடித்தால் மாடு எந்தப் பக்கம் போகும்?

வலப்பக்கக் கொன்ட்ரோல் விசையோடு என்டரை அமத்துங்கள். திரையின் மூலையில் சிவப்புக் கோட்டில் ஒரு சின்னக் கட்டம் வரும். கையை எடுத்தால் அதற்குள் இருக்கும் குறி நடுவில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கொன்ட்ரோல் பக்கத்தில் அச்சுப் பட்டியலைத் திறந்து, ஒரு வரிக்கு ஒரு கருவி மட்டும் விட்டு மற்றதைத் துடையுங்கள். இந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கீழே உள்ள பாதிப் பிரச்சினைகளைக் கண்டுபிடிக்கலாம்.

"ஸ்டார்ட் பொத்தான அமத்தினா ஒண்டும் நடக்குதில்ல"

பற்றறி, இன்வேர்ட்டர்கள், எரிபொருள் பம்புகள், தீமூட்டும் சுவிச், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். ஒன்று விடுபட்டாலும் பொத்தான் சும்மா பொத்தான்தான். எங்கள் தம்பி எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, இயந்திர வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலில் கோட்டை விட்டான். மேசையில் லீவரைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் ஐடில் (ஆகக் குறைந்த சுற்று) என்று நாம் நினைக்கிறோம். கொக்பிட்டில் அது இன்னும் நிறுத்தத்தில் பூட்டிக் கிடக்கும். அதைக் கழற்றி ஐடிலுக்குக் கொண்டு வர வேறு கட்டளை உண்டு.

இரண்டு மூன்று தடவை முயன்று பற்றறி இறங்கிவிட்டால் தரைக் குழுவிடம் வெளி மின்சாரம் கேளுங்கள். அவசரமென்றால் வலப்பக்க விண்டோஸ் விசையும் ஹோமும்: எல்லாவற்றையும் தானே செய்யும், நீங்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டு எந்தச் சுவிச் எப்போது அசைகிறது என்று பார்க்கலாம். லாப்டொப்பில் அந்த விசை இல்லையென்றால் வேறு விசைக்கு மாற்றிவிடுங்கள்.

"தரையில கிறுகுதில்ல"

திரும்புவதை எங்கள் பக்கம் கிறுகுவது என்போம். அவன் அனுப்பிய முழுச் செய்தி இது: "அண்ணன், கிறுகுதில்ல. நேரா போகுது. மறுகா புல்லுக்குள்ள போய் நிக்குது."

மிக்-21இன் மூக்குச் சில்லுக்கு ஸ்டியரிங் கிடையாது. தள்ளுவண்டியின் முன்சில்லு மாதிரி தன்பாட்டில் சுழலும். கிறுக வைப்பது பிறேக்தான். பிறேக் லீவர் ஸ்டிக்கில் இருக்கிறது. கால் மிதிகளை (வாலிலுள்ள ரட்டரைத் திருப்புபவை) நேராக வைத்து லீவரை அமத்தினால் பின்சில்லு இரண்டும் பிடிக்கும். வலது மிதியை முழுக்க அமத்திக்கொண்டு லீவரைப் பிடித்தால் வலப்பக்கச் சில்லு மட்டும் பிடிக்கும், மூக்கு வலப்பக்கம் வரும். லாண்ட்மாஸ்டரில் வயல் உழுதவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எந்தப் பக்கம் கிறுக வேணுமோ அந்தப் பக்கப் பிடியை அமத்துவோம் அல்லவா, அதே சங்கதிதான். நான் இப்படிச் சொன்ன அன்றே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கு முன் இரண்டு நாள் இணையத்தில் ஆங்கிலத்தில் வாசித்தும் விளங்கவில்லை என்றான்.

நிற்கிற விமானம் கிறுகாது. முதலில் த்ரொட்டிலைக் கொஞ்சம் ஏற்றி மனிதன் ஓடுகிற வேகத்துக்கு உருள விடுங்கள். மிதி முழுக்க ஒரு பக்கம், பிறகு பிறேக்கைத் தட்டித் தட்டி விடுங்கள். பிடித்தபடியே இருந்தால் நின்றுவிடும். மிதியில்லாதவர்கள் ஜொய்ஸ்டிக்கை முறுக்கும் அச்சை ரட்டருக்குக் கொடுக்கலாம், அதுவும் இல்லையென்றால் கீபோர்ட்டில் இசட்டும் எக்ஸும் ரட்டர், டபிள்யூ பிறேக்.

"ஓடுபாதை முடியுது, எழும்புதில்ல"

ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) 25 பாகை, ஆப்டர்பேர்னர் (இயந்திரத்தின் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்துத் தள்ளுவது) பற்றிக்கொண்டதற்கான விளக்கு, மானியில் 340 அளவு. மூன்றும் இருந்தால் தானே கழன்று வரும். 200இலேயே ஸ்டிக்கை வயிற்றுக்கு இழுத்தால் முக்கோண இறக்கை காற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும், வேகம் ஏறாது. பொறுமைதான் மருந்து.

சத்தம் ஹெட்செட்டுக்கு வராமல் ஸ்பீக்கரில் போகிறது

இது சில்லறைப் பிரச்சினை மாதிரித் தெரியும். எங்கள் வீட்டில் அப்படியில்லை.

அம்மா வாகரையாள். 2006 கடைசியில் போருக்குள் கையில் அகப்பட்டதோடு அங்கிருந்து வெளிக்கிட்டு வந்தவ. எந்த ஜெட் என்றாலும் அவவுக்கு அது கிபிர்தான். கிபிர் 1996இல் வந்த இஸ்ரேலிய விமானம், அதற்கு முதலே 1991இல் இலங்கை விமானப்படைக்கு வந்த எஃப்-7தான் மிக்-21இன் சீன வழி என்று நான் ஒருநாள் விளக்கப் போனேன். "எல்லாம் மேலால வாறதுதானே மனே" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டா. ஒரு பின்னேரம் ஹெட்செட் வயர் தளர்ந்து, ஆப்டர்பேர்னர் சத்தம் ஸ்பீக்கரால் முழு வீட்டுக்கும் போனது. குசினியில் அகப்பை விழுந்தது கேட்டது. போய்ப் பார்த்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா, அடுப்பில் சொதி பொங்கி வழிகிறது.

ஆகவே: ஹெட்செட்டைச் செருகினால் மட்டும் போதாது. டிசிஎஸ்ஸின் ஒலி அமைப்பில் வெளியீட்டை விண்டோஸின் இஷ்டத்துக்கு விடாமல் ஹெட்செட்டின் பெயரையே தெரிவு செய்யுங்கள். அதோடு நான் ஸ்பீக்கரின் பிளக்கைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.

"மூக்கு நடுங்குது"

ஒரே அறிகுறி, இரண்டு காரணம். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விளையாட்டை மூடிவிட்டு விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் அரை நிமிடம் பாருங்கள்.

அங்கேயும் குறி துடித்தால் குற்றம் கருவியில். தம்பியிடம் இருந்த ஒரே உண்மையான பழுது இதுதான். அவனுடைய ஜொய்ஸ்டிக் கல்முனையில் பழையதாக வாங்கியது. அடித்தட்டின் நான்கு திருகாணிகளைக் கழற்றியபோது உள்ளே உலோகம் எல்லாம் வெளிறிப் போயிருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, கச்சான் அடிக்கிற மாதங்களில் புழுதியும் சேர்ந்து வரும். அச்சைக் கணக்கெடுக்கிற பொட்டென்ஷியோமீற்றரின் தடத்தில் அந்த உப்பும் புழுதியும் ஏறினால் மின்னழுத்தம் துள்ளும். விற்ற காக்காவிடமே, அதாவது அந்த முஸ்லிம் அண்ணரிடமே, கேட்டோம். கொன்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, தண்டை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முப்பது தடவை சுழற்று, காய விடு என்றார். டபிள்யூடி-40 அடிக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அதன் எண்ணெய்ப் படலம் புழுதியை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகும் மெல்லிய துடிப்பு மிஞ்சினால் டெட்சோன் (நடுவில் சின்ன அசைவைக் கணக்கெடுக்காத இடைவெளி) 2 அல்லது 3 கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்து நோயை மூடிவைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடுகிற பழக்கம் எல்லாவற்றையும்விட மலிவு.

விண்டோஸில் குறி அசையாமல் நின்று, வேகமாகப் பறக்கும்போது மட்டும் மூக்கு ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் கொக்பிட்டில் ஏஆர்யூ சுவிச்சைப் பாருங்கள். ஸ்டிக் எவ்வளவு அசைந்தால் வால் எவ்வளவு அசைய வேண்டும் என்ற விகிதத்தை வேகத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாற்றுகிற கருவி அது. தானியங்கியில் இருக்க வேண்டும். கையியக்கத்தில், இறங்குவதற்கான விகிதத்தில் விட்டுவிட்டு 900இல் பறந்தால், விரல் அசைவுக்கு விமானம் குதிக்கும்.

"கிறுகக் கிறுக வேகம் செத்துப்போகுது"

இது பழுதில்லை, இந்த விமானத்தின் சுபாவம். முக்கோண இறக்கை முதல் இழுப்புக்கு நன்றாகக் கிறுகும். அந்த ஒரு கணத்தை எந்த விமானத்தோடும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மூக்கு காற்றோடு பிடிக்கிற கோணம் கூடக் கூட, விமானம் தன் வயிற்றையே பிறேக்காகக் காட்டிக்கொண்டு போகிறது. ஒரு முழு வட்டம் இழுத்தால் 850இல் தொடங்கியவர் 400இல் வந்து நிற்பார். அந்த வேகத்தில் மிக்-21இல் எதிரியைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பதுதான் அதிகம்.

தம்பி எஃப்-16இல் ஸ்டிக்கை முழுக்க இழுத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பி எதிரியைத் தேடுவான். அது அங்கே நடக்கும். இங்கே ஒரு கண் கோணமானியில் இருக்க வேண்டும். என் முறை: ஒரு இழுப்பு, சுட முடிந்தால் சுடு, முடியாவிட்டால் விட்டுவிட்டு மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி நேராக ஓடு, 800ஐத் தாண்டிய பிறகு மேலே ஏறித் திரும்பி வா. வட்டமடிக்க எதிரி ஆசை காட்டுவான். போகாதீர்கள். 500க்குக் கீழே முள் வந்துவிட்டால் சண்டை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வேகம் சேருங்கள்.

இயந்திரம் வானத்தில் அணைகிறது

தலைகீழாகச் சில விநாடிகளுக்கு மேல் பறந்தீர்களா? எரிபொருள் பம்புக்கு எட்டாமல் போயிருக்கும். மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து, த்ரொட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, வானில் மறுபடி மூட்டும் அவசரச் சுவிச்சைப் போடுங்கள். பற்றியதும் அதை அணைக்க மறக்க வேண்டாம்.

"ராடர்ல ஒண்டும் இல்ல"

நேராக முழு நிலைக்குப் போட்டால் வராது. முதலில் தயார் நிலையில் சில நிமிடம் சூடாக விட வேண்டும், பழைய வால்வ் ரேடியோ மாதிரி. சூடாகியும் திரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தால் நீங்கள் தாழ்வாகப் பறக்கிறீர்கள், தெரிவதெல்லாம் நிலத்தின் எதிரொலி. தாழ்வுயரச் சுவிச் கொஞ்சம் உதவும். சரியான திருத்தம் அதைவிட எளிது: எதிரிக்குக் கீழே போய் அவனை வானத்தின் பின்னணியில் பாருங்கள். கீழே பார்த்து ஆளைப் பொறுக்கி எடுக்கிற மூளை இந்த ராடருக்கு இல்லை. திரையின் எல்லையே 30 கிலோமீற்றர்தான். கல்லடிப் பாலத்தில் நின்றால் வாழைச்சேனை மட்டும், அவ்வளவே.

ஏவுகணை போகவில்லை, போனாலும் படவில்லை

போகவில்லையென்றால்: அந்தத் தாங்கிகளின் சூடாக்கும் சுவிச், வானிலக்கா தரையிலக்கா என்ற சுவிச், தாங்கியைத் தெரிவு செய்யும் குமிழ், விசையின் மூடி. நான்கும் சரியாக இருந்தும் போகவில்லையென்றால் விசையைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கிறீர்கள். ஒரு விநாடிக்கு மேல் பிடித்தபடி இருங்கள்.

படவில்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் கட்டியது ஆர்-3எஸ். அமெரிக்காவின் முதல் சைட்வைண்டரைப் பார்த்துச் செய்த பிரதி அது. பின்பக்கத்துச் சூட்டை மட்டும்தான் காணும், சூரியன் பக்கத்தில் இருந்தால் அதற்கே போய்விடும். நீங்கள் இறுக்கமாகக் கிறுகிக்கொண்டே ஏவினாலும் வழி தவறும். ஆளின் முதுகுக்குப் பின்னால் நேராக நின்று ஏவுங்கள். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் ஆர்-60 கட்டலாம்.

பீரங்கி இடையில் நின்றால் பழுதில்லை, ரவை முடிந்துவிட்டது. ஜிஎஸ்எச்-23இல் இருப்பது 200 ரவை. அமத்திப் பிடித்தால் நாலு விநாடிக்குக் காணாது.

எரிபொருள் முள் பொய் சொல்லுது

சொல்லும். தாங்கிக்குள் எட்டிப் பார்க்கிற மானி இல்லை அது. தொடக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் குமிழைத் திருகி வைக்க வேண்டும், அதிலிருந்து செலவானதை அது கழித்துக்கொண்டு வரும். கடைக் கணக்குக் கொப்பி மாதிரி, முதல் வரியைப் பிழையாக எழுதினால் கடைசி வரியும் பிழை. உள்தாங்கிகளில் ஏறக்குறைய 2,800 லீற்றர். வெளித்தாங்கி கட்டினால் அதையும் கூட்டுங்கள். தாழ்வாக முழு ஆப்டர்பேர்னரில் போனால் உள்ளே இருப்பது பத்து நிமிடத்துக்குக் காணாது. எங்களுடைய பெற்றோல் வரிசைக் காலத்தை நினைத்துக்கொண்டு பறந்தால் கை தானாக லீவரைப் பின்னுக்கு இழுக்கும்.

படம் விக்கி விக்கி ஓடுகிறது

ஆகப் பிந்திய அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியதென்றால், சேமித்த விளையாட்டுகள் கோப்புறையில் டிசிஎஸ்ஸுக்குள் இருக்கும் எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 என்ற இரண்டு கோப்புறைகளினதும் உள்ளடக்கத்தை அழியுங்கள். முதல் ஓட்டம் மெதுவாக இருக்கும், பிறகு சரிவரும். எப்போதும் விக்குகிறதென்றால் ராம் 16 ஜிபிக்குக் குறைவா என்று பாருங்கள், நிழலையும் கண்ணாடிகளையும் குறையுங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி அதன் பிறகுதான் விக்குகிறதென்றால் அது சூடு. சித்திரை வெயிலில் தகரக் கூரை அறைக்குள் வைத்துவிட்டு என்னிடம் கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! மூடியைக் கழற்றி, விசிறியில் ஒட்டியிருக்கும் தூசைத் தூரிகையால் தட்டிப் பாருங்கள்.

"இறங்கேக்க கல்லுமாதிரி விழுது"

ஆகக் கூடிய குரல் செய்தி இதற்குத்தான் வந்தது. அவன் செய்தது இதுதான்: ஓடுபாதை தெரிந்ததும் த்ரொட்டிலை ஐடிலுக்கு இழுத்துவிட்டு, மற்ற விமானங்களில் போல மிதந்து வந்து இறங்கலாம் என்று காத்திருந்தான். மிதக்கவில்லை. தரைக்கு இருபது மீற்றர் இருக்கும்போது அடியில் இருந்து பலகையை உருவியது மாதிரி விழுந்தது.

காரணம் இறக்கைக்குள் இருக்கிறது. ஃப்ளாப்பை முழுக்க 45 பாகைக்கு இறக்கியதும், இயந்திரத்தின் அமுக்கியிலிருந்து எடுத்த காற்றை அந்த ஃப்ளாப்பின் மேல் ஊதுகிற ஏற்பாடு ஒன்று இயங்கும். பெயர் எஸ்பிஎஸ். அந்தக் காற்றுப்படலம்தான் மெதுவான வேகத்தில் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆகவே த்ரொட்டில் இங்கே இரண்டு வேலை செய்கிறது: தள்ளுவதும் அதுதான், தூக்குவதும் அதுதான். ஐடிலுக்கு இழுத்தால் ஊதுகிற காற்று குறைந்து, தூக்கலும் சேர்ந்து போய்விடும். திரும்ப முன்னுக்குத் தள்ளினாலும் இந்த இயந்திரம் சுற்றேற நேரம் எடுக்கும், அதற்குள் தரை வந்துவிடும்.

முதலில் எஸ்பிஎஸ் சுவிச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இலவசமாக வரும் கோக்கசஸ் வரைபடத்தில் பட்டுமிக்குப் போங்கள். கடல் பக்கமாக வந்து இறங்கலாம், முன்னால் மறிக்க ஒன்றுமில்லை. பத்துக் கிலோமீற்றருக்கு முன்பே சில்லு, ஃப்ளாப் எல்லாம் இறக்கிவிட்டு, 350 அளவில் நிலையாக்குங்கள். அதன் பிறகு த்ரொட்டிலில் பெரிய அசைவு வேண்டாம், ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும். ஓடுபாதை விளிம்பைத் தாண்டும்போது 320. மூக்கை மெல்லத் தூக்கிப் பிடியுங்கள். சில்லு தொடும்போது ஏறத்தாழ 280. தொட்ட பிறகுதான் ஐடில். கையை முதலே இழுக்கச் சொல்லி மனம் சொல்லும், தம்பிக்கு நான் சொன்ன வைத்தியம் இடக்கையின் கீழ் ஒரு தீப்பெட்டியை லீவருக்குப் பின்னால் நெருக்கி வைக்கச் சொன்னது. நாலாவது நாள் தீப்பெட்டி இல்லாமல் இறக்கினான்.

சில்லு தொட்டு, வேகம் 320க்குக் கீழே இருப்பதை உறுதி செய்துகொண்டு வால் பாராசூட்டை விரியுங்கள். நின்ற பிறகு அதைக் கழற்றும் பொத்தான் வேறு. அதை அமத்தாமல் தரிப்பிடத்துக்குப் போக வெளிக்கிட்டால், "அண்ணன், மறுகா கிறுகுதில்ல" என்று இன்னொரு செய்தி அனுப்ப வேண்டி வரும்.